அளித்ததா, அழித்ததா

பிப்ரவரி 6, வியாழன்

அண்ணன் அலி அக்பரின் அச்சகத்தை விட்டு வந்து, திருத்தங்கலில் நானாகத் தொடங்கிய அச்சகத்துக்கு முதல் புத்தக ஆர்டர்! காளீஸ்வரன் சார், சுங்கத்துறையில் ஓய்வு பெற்றவர், விருதுநகர்க்காரர். அவர் வேலை பார்த்த துறைமுக ஊரில், அந்தக் காலத்துச் சுங்கக் கட்டடம் எப்படி எழும்பியது என்று எழுதுகிறார். எழுதுகிறாராவது! கண் ஆபரேஷன் ஆனதால் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிறார், நான் டைப் அடிக்கிறேன்.

"பிழையில்லாம ஒரு பொஸ்தகம் போட்டுக் காட்டு, பாப்போம்" என்றான் அண்ணன். காட்டுறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாருக்கு ழ வராது. சுண்ணாம்புக் குளி, சாரக் களி, கீள்த்தளம் — எல்லாவற்றையும் ழ போட்டுத் திருத்துகிறேன். ஒரு பழைய போட்டோவுக்கு, "கட்டடத்துக்காக அளிக்கப்பட்ட மீனவர் குப்பம்" என்றார். படத்தில் கூரை பிய்ந்த குடிசைகள். பாவம். 'அழிக்கப்பட்ட' என்று போட்டேன்.

பிப்ரவரி 20

புரூப்பைப் போனில் வாசித்துக் காட்டினேன். "ஒரு தப்பு இல்லம்மா" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

வெளியீட்டு விழாவில் இருந்தே சார் போன். "குப்பத்துக்காரவுக குடுத்த எடம்மா அது, குடுத்தது! இடிச்சுப் போட்டதுன்னுல்ல அச்சடிச்சிருக்கீக!"

போச்சு. எல்லாம் போச்சு. நான் வாசித்துத்தானே காட்டினேன்? — அடப்பாவி, என் வாயிலயும் ள தான வருது! அண்ணனுக்கு இனி ஒரே சிரிப்பாணிதான். நோன்பு வாயோடு அழுதேன்.

மார்ச் 14, வெள்ளி

சார் மறுபடி போன். திட்டத்தான் என்று நினைத்தேன். அந்தக் குப்பத்து வயசான அம்மா ஒருவர் புத்தகத்தோடு அவரைத் தேடி வந்தாராம். "எங்க வீடுகள இடிச்சிட்டுத்தான் கட்டுனாங்க. நீங்கதான் உள்ளதப் போட்டிருக்கீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"ஆபீஸ் காயிதத்தப் பாத்துச் சொன்னேன்மா. அங்கன போயி ஒருத்தரையும் கேக்கல" என்றார்.

மார்ச் 29, சனி

இரண்டாம் பதிப்பும் எனக்குத்தான். சார் குப்பத்து ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டதெல்லாம் புது அத்தியாயம். "அப்ப அது பிழையா, இல்லையா?" என்கிறான் அண்ணன். மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

நோன்பு திறந்து கை துடைக்கும்போது சாரின் குரல் வந்தது. "அந்தப் படத்துக்குக் கீள 'அளிக்கப்பட்ட'ன்னே இருக்கட்டும்மா. குடுக்கிறதுக்கு வர்ற ள இல்ல. வாளப்பளத்துக்கு வர்ற ள."

சரி சார் என்று பதில் போட்டேன்.