பதினோராம் அத்தியாயத்துக்கு ஒரு எச்சரிக்கை

டல்சா, ஓக்லஹோமா
பிப்ரவரி 4, 2013

அன்புள்ள ஆர்லீன்,

புத்தகம் வந்து சேர்ந்திருக்கும். உறையைத் தூக்கி எறிந்துவிடாதே, உள்ளே ஒரு ஜோடி காதணியும் வைத்திருக்கிறேன். பச்சைக்கல். உன் கண்ணுக்குப் பொருந்தும் என்று கடைக்காரியிடம் சொல்லி வாங்கினேன்.

போன வாரம் வாசல் படியில் பனி உறைந்து கிடந்தது, வழுக்கி விழுந்தேன். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ராய் தூக்கிவிட்டுக்கொண்டே, "மொத்தமே ரெண்டு படி. அதுல விழறதுக்கும் ஒரு திறமை வேணும்"னு சொல்கிறார். கட்டிய கணவர் பேசுகிற பேச்சா இது?

விஷயத்துக்கு வருகிறேன். புத்தகம் மார்ச் 12-ல் வெளிவருகிறது. நான்கு வருடம் கழித்து என் பெயரில் ஒரு நாவல். தேவாலயப் பெண்கள் சங்கங்கள்தான் இதை வாங்கப்போகிறவர்கள் என்று பதிப்பாசிரியை சொல்கிறாள். அவர்களுக்கு உன் மதிப்புரை வலைப்பூவில் இருக்கும் அந்த மூன்று குறிகள்தான் வேதம். படுக்கையறைக் காட்சி வரும்போது கதவு மூடியிருக்கிறதா, ஒருக்களித்திருக்கிறதா, திறந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணப்பையைத் திறக்கிறார்கள். என்னுடையது மூடிய கதவு. வழக்கம்போல் அதையே போட்டுவிடு. புத்தகம் இலவசமாக வந்தது என்ற ஒரு வரியும் போடு, போதும். நாம் கல்லூரியில் ஒரே அறையில் இருந்த கதையெல்லாம் எவருக்கு வேண்டும்?

உன் மகள் டெஸ்ஸின் கல்யாணத்துக்கு ஜூனில் வருகிறேன். அதற்குள் முட்டி சரியாகிவிடும்.

உன்
நோரீன்

&nbsp;

ஹேஸ்டிங்ஸ், நெப்ராஸ்கா
பிப்ரவரி 17, 2013

அன்பு நோரீன்,

முட்டிக்கு ஐஸ் வைக்கிறாயா? ராய் சொல்வதைக் கேட்காதே, டாக்டர் சொல்வதைக் கேள்.

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, நோயாளிகள் வராத நேரத்தில் படித்து முடித்தேன். ஆற்றங்கரையில் உன் கதாநாயகி ஹேனாவும் அவள் கணவனும் முதல்முறை சண்டை போடும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். காத்திருந்த கிழவர் ஒருவர், "பல்லு வலிக்கிற இடத்துல சிரிக்கிற முதல் ஆளு நீங்கதாம்மா" என்றார்.

பதினோராம் அத்தியாயத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். ஹேனா கடையிலிருந்து காகிதப் பையோடு உள்ளே வருகிறாள். "இன்னைக்கு வேண்டாம்" என்று இரண்டு முறை சொல்கிறாள். அவன் பையை வாங்கிக் கீழே வைக்கிறான். கதவு மூடுகிறது. நீ சொல்வது சரிதான், கதவு மூடியே இருக்கிறது. ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகல்லவா மூடுகிறது.

அக்டோபரில் கேன்சஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தாள். வேறு ஒருவரின் புத்தகம், மூடிய கதவு என்று நான் குறி போட்டது. "கதவு மூடித்தான் இருந்தது மேடம். உள்ள என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க ஒரு வரி சொல்லியிருந்தா நான் அதை பஸ்ஸில உக்காந்து படிச்சிருக்க மாட்டேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் ஒரு எச்சரிக்கை வரி போடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. மறுநாள் காலை ஹேனா பையிலிருந்து உடைந்துபோன முட்டைகளை எடுத்து, வீணாக்காமல் அவனுக்கே பொரித்துக் கொடுக்கிறாளே. அதைப் பற்றி இன்று எழுதக் கை வரவில்லை.

ஆர்லீன்

&nbsp;

டல்சா
பிப்ரவரி 20, 2013

என் ஆர்லீன்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

முதலில் எச்சரிக்கை. உன் கதவுக் கணக்கு, கண்ணில் படுவதை அளக்கிற கணக்கு. என் பக்கத்தில் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு பொத்தான்கூடக் கழலவில்லை. உன் விதிப்படியே நான் பாஸ். அதோடு, பதினான்காம் அத்தியாயத்தில் அவன் மண்டியிட்டு அழுகிறான், போதகரிடம் போகிறான், மனிதனாக மாறுகிறான். நீ முன்னாலேயே எச்சரிக்கை போட்டால், வாசகிகள் அவனை அந்த இடம் வரை வரவே விடமாட்டார்கள்.

இனி முட்டை. ஆமாம், அது உன்னுடையது. 2002-ல், லிங்கன் நகருக்குப் போகும் வழியில் காரில் சொன்னாய். சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாய். பிறகு ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாய் என்றே நினைத்தேன். எனக்குத்தான் மறக்கவில்லை. ஊரை மாற்றினேன், முடியின் நிறத்தை மாற்றினேன், பெயரை மாற்றினேன். முட்டையை மட்டும் மாற்ற முடியவில்லை. மாற்றிப் பார்த்தால் அத்தியாயமே செத்துப்போனது.

உனக்குக் கிடைக்காத முடிவை அவளுக்குக் கொடுத்தேன். அதைப் பரிசாக நினைத்துத்தான் எழுதினேன், நம்பு.

நோரீன்

&nbsp;

ஹேஸ்டிங்ஸ்
மார்ச் 1, 2013

நோரீன்,

மறந்துவிட்டேன் என்று எப்படி நினைத்தாய்? ரேடியோவைச் சத்தமாக வைத்தவள் மறப்பவளா?

நீ கொடுத்த முடிவைப் பற்றிச் சொல்கிறேன். என் கணவராக இருந்த வேய்ன் மண்டியிடவில்லை. பொரித்த முட்டையைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்றார். நானும் உப்பை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். ஹேனா மன்னிக்கிற பக்கத்தைப் படித்தபோது, நான்தான் ஏதோ செய்யத் தவறிவிட்டேனோ, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவரும் அழுதிருப்பாரோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. எனக்கே, இத்தனை வருடம் கழித்து. அப்படியென்றால், இப்போது அப்படி ஒரு வீட்டில் இருக்கிற ஒருத்தி இதைப் படித்தால் என்ன நினைப்பாள்?

நேற்று டெஸ் கல்யாணப் பத்திரிகை உறைகளில் தபால்தலை ஒட்ட வந்திருந்தாள். மேசையில் கிடந்த உன் புத்தகத்தைப் புரட்டினாள். சரியாக அந்த அத்தியாயம்.

"அம்மா, இது காதல் கதையா?"

"ஆமா. ஏன்?"

"இவ வேண்டாங்குறா. அவன் காதுலயே வாங்கலையே. இதுக்கா நீ மூடின கதவு போடப் போற?"

"இன்னும் எழுதலடி."

"நீ போட்டா நான் இனிமே உன் வலைப்பூவைப் படிக்க மாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். உடனே, அப்பாவின் கோட்டு அளவை யாரிடம் கொடுப்பது என்று கேட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் தேவாலயத்துக்குள் நடக்கப் போகிறாள். எங்களுக்கு ஒத்துப்போகவில்லை, பிரிந்துவிட்டோம் என்பது மட்டும்தான் பதிமூன்று வயதில் அவளுக்கு நான் சொன்னது. இன்றுவரை அதுதான் அவளுக்குத் தெரியும்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆர்லீன்

&nbsp;

டல்சா
மார்ச் 5, 2013

ஆர்லீன்,

ஒரு வழி சொல்கிறேன். எதுவுமே எழுதாதே. மதிப்புரை வேண்டாம், குறி வேண்டாம், எச்சரிக்கையும் வேண்டாம். பல்வலி, கல்யாண வேலை, ஏதோ ஒரு காரணம். நீ சும்மா இருந்தால் போதும். சங்கங்களில் பாதிப் பேராவது என் பழைய புத்தகங்களை நினைத்து வாங்குவார்கள்.

நீ எழுதினால், ஏன் எழுதினாய் என்று கேட்டே டெஸ்ஸுக்கும் தெரியவரும். இத்தனை வருடம் கட்டிக்காத்ததை, ஒரு நாவலின் பன்னிரண்டு பக்கத்துக்காகவா உடைக்கப் போகிறாய்? உன் நன்மைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நோரீன்

&nbsp;

ஹேஸ்டிங்ஸ்
மார்ச் 12, 2013

நோரீன்,

இன்று காலை வெளியிட்டுவிட்டேன். அடுத்தவர் சொல்லித் தெரிய வேண்டாம் என்று அப்படியே கீழே தருகிறேன்.

"கதவு: மூடியது. ஆனால் பதினோராம் அத்தியாயத்தில் மனைவி வேண்டாம் என்கிறாள், கணவன் கேட்பதில்லை. கதை அவனை மன்னித்துவிடுகிறது. இப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்கள் தெரிந்துகொண்டு திறக்கவும். மற்ற அத்தியாயங்கள் இவர் எழுதியவற்றிலேயே சிறந்தவை. புத்தகமும் ஒரு ஜோடி காதணியும் எழுத்தாளர் இலவசமாக அனுப்பியவை. காதணியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எழுத்தாளரும் நானும் கல்லூரி நாளிலிருந்து தோழிகள். அவருடைய முந்தைய நான்கு புத்தகங்களைப் பற்றி எழுதியபோது இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த அத்தியாயத்தில் இருப்பது என் வாழ்க்கையில் நடந்தது. ஆகவே இந்த மதிப்புரையில் நான் நடுநிலையானவள் அல்ல."

கடைசி இரண்டு வரிகளைப் பல தடவை அழித்து அழித்து எழுதினேன். அவை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் போலிருந்தது.

டெஸ்ஸிடம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு, "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"உனக்கு அப்பா வேணும்னு நெனச்சேன்."

"நோரீன் ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. ஊருக்கே புத்தகமா வந்திருக்கு. எனக்குத் தெரியல."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆர்லீன்

&nbsp;

டல்சா
ஏப்ரல் 21, 2013

அன்புள்ள ஆர்லீன்,

ஒரு மாதமாக உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியவற்றை நீ படிக்காதது நல்லது. அவ்வளவு கோபம்.

மூன்று சங்கங்கள் என் புத்தகக் கூட்டத்தை ரத்து செய்துவிட்டன. நான்காவதற்குப் போனேன். கேக்கெல்லாம் வைத்திருந்தார்கள். புத்தகத்திலிருந்து படித்துக் காட்டி முடித்ததும், பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். உன் எச்சரிக்கையைக் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தாள். "அவனை மன்னிக்கணும்னு ஹேனாவுக்குத் தோணிச்சா, உங்களுக்குத் தோணிச்சா?" என்று கேட்டாள்.

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். திரும்பி வரும்போது ராய் வண்டியை ஓட்டிக்கொண்டே, "அந்தம்மா கேட்டது ஞாயமான கேள்விதான் நோரீன்" என்றார்.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், எழுதுவதற்கு முன்பே. நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. இதை எழுதும்போது நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே புரிகிறது.

அடுத்த அச்சில் உன் வரிகளை முதல் பக்கத்தில் சேர்க்கச் சொன்னேன். அடுத்த அச்சு வந்தால்தானே என்கிறாள் பதிப்பாசிரியை.

ஜூனில் நான் வரலாமா?

நோரீன்

&nbsp;

ஹேஸ்டிங்ஸ்
மே 9, 2013

நோரீன்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாளானது. கோபத்தால் இல்லை. டெஸ் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

அவள் வேய்னுக்கு ஃபோன் செய்து கேட்டிருக்கிறாள். முதலில் அவர், "உங்கம்மா கதை கட்டுறா" என்றாராம். அவள் ஃபோனை வைக்கவில்லை. கடைசியில் அவரே, "ஒரே ஒரு தடவைதான் நடந்துச்சு" என்றிருக்கிறார். இதை எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு அவள் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு தடவை இல்லை என்று நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேவாலயத்துக்குள் அவள் தனியாக நடக்கப் போகிறாள். என் கையைப் பிடித்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். "இல்லம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். இன்னும் என்மேல் வருத்தம் இருக்கிறது. இருக்கட்டும், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

கேன்சஸ் பெண் எழுதியிருந்தாள். ஒரே வார்த்தை, நன்றி என்று. எச்சரிக்கைக்குக் கீழே நூற்றுக்கும் மேல் பதில்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சிலர் பெயர் போடவில்லை.

நீ எழுதியதில் ஒரு வரியை நம்புகிறேன்: நான் வேண்டாம் என்பேன் என்று தெரிந்ததால்தான் நீ கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்டிருக்கிறாய். அதனால் சொல்கிறேன்.

வராதே, நோரீன். உன் நாற்காலியை மருத்துவமனையில் என்னோடு வேலை செய்யும் வாண்டாவுக்குக் கொடுத்துவிட்டேன். முட்டியைக் கவனித்துக்கொள். ராயை விசாரித்ததாகச் சொல். எழுதத் தோன்றினால் எழுது, படிக்கிறேன். பதில் எழுதுவேன் என்று மட்டும் இப்போது சொல்ல முடியவில்லை.

ஆர்லீன்