உன் அறை வழியாகப் போகும் பாதை

கோலா சிலாங்கூர்,
வியாழக்கிழமை

அன்பு மகன் தனேஷுக்கும் மருமகள் நித்தியாவுக்கும் அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, இங்கே சுகமாகவே இருக்கிறோம். அந்தக் குளிரில் நீங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, முழங்கால்தான் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே சேதி சொல்கிறது. தினம் போனில் பேசும் அம்மா பேனாவைப் பிடித்துக் கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் நீ, "ம்மா, நான் வர்ற வரைக்கும் பொறுங்க" என்பாய், உன் குரலைக் கேட்டதும் நானும் பொறுத்துவிடுவேன். இது பொறுக்கிற காரியம் இல்லை. இந்தக் கடிதம் நியூசிலாந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அதற்காகத்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் நீ கட்டிய உன் அறையை இந்த ஞாயிற்றுக்கிழமை இடிக்கப் போகிறோம்.

பக்கத்து வீட்டுக் கண்மணியை லோரி தட்டி இந்த மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. அன்று வேலைக்கு நானும் அவளும் முன்னும் பின்னுமாகத்தான் சைக்கிளில் போனோம், நான் முன்னால் போனேன், அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்கும் அவள் கோல் ஊன்றித்தான் நடக்கிறாள். அதே பெரிய ரோட்டில்தான் நம் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால் காற்றே அவர்களைப் புல்லில் தள்ளுகிறது. அதற்காகத்தான் நடக்கவும் சைக்கிள் விடவும் தனிப் பாதை கேட்டு, கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு அறுபத்திரண்டு வீட்டு வாசலிலும் ஏறிக் கையெழுத்து வாங்கினேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நகராண்மைக் கழகம் சரி என்றுவிட்டது! நம் வீடுகளுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் தோட்டத்துக் குட்டி ரயில் செம்பனைக் குலை ஏற்றிப் போன நிலம் இருக்கிறதே, அதன் வழியாகப் போய், பிறகு கால்வாய்க் கரையோடு பாசார் சந்தை வரைக்கும் நாலு கிலோமீட்டர். ஒரு லோரி கிட்ட வர முடியாது. ஆனால் பாதை எங்கேயும் அறுந்து போகக் கூடாது, பின்னால் நீட்டிக் கட்டியவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் தாங்களே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இந்த வருஷப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். நீட்டிக் கட்டாதவர்கள் யார்? தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன மறுநாளே சமையலறையை நீட்ட ஆரம்பித்த ஊர் நம் ஊர். எல்லாரும் கட்டினார்கள், நாமும் கட்டினோம், அது நம் நிலம் இல்லை என்பதே மறந்து போனது. நம் வரிசையில் மட்டும் ஒன்பது வீடு.

அளக்க வந்தவர் திலீப் என்று ஒரு பிள்ளை, மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு உன் அறைக்குள் வந்து, பாதையின் ஓரம் இதுதான் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டினார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. திரும்ப அளக்கச் சொன்னேன். மூன்று தரம் அளந்தார், மூன்று தரமும் நாடா அதே இடத்தில்தான் விழுந்தது. கொஞ்சம் வளைத்துக் கொண்டுபோகக் கூடாதா என்று கேட்டேன். "வளைச்சா கால்வாய்க்குள்ள போயிடும்மா" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைக்கமாட்டேன். அவர் போனதும் அந்த நாடாவை நான் பிய்த்து எறிந்துவிட்டேன். அறுபத்திரண்டு வீட்டில் நியாயம் பேசியவள், தன் வீடு என்றதும் நாடாவைப் பிய்த்தேன். எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் நீ ஒவ்வொரு கல்லாக வைத்தது, ஜன்னல் கோணலாகப் போய் அப்பா கேலி செய்தது, காயாத சிமெண்டில் நீயே சைக்கிளோடு ஏறித் தடம் பதித்துவிட்டு ஒரு வாரம் திட்டு வாங்கியது, எல்லாம் கண்ணுக்குள் வந்தது. டிசம்பரில் நித்தியாவோடு வந்தால் தங்க அந்த அறைதானே என்று நாலு நாள் நான் குடியிருப்போர் சங்கத்துப் பக்கமே போகவில்லை. அப்பா குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வேறு நாடா ஒட்டினார். பிறகு, "கண்மணி வீட்டுக்குப் போயி நீயே சொல்லிட்டு வா, என் மவன் ரூமுதான் பெருசுன்னு" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் உன் அப்பா என்னைக் குத்திப் பேசியது அந்த ஒரு தரம்தான்.

போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் கண்மணியே, "அக்கா, நாடா உங்க ரூமுல விழுந்திச்சாம், கேள்விப்பட்டேன். எனக்காக ஒண்ணும் செய்யாதீங்க, நான் இனிமே சைக்கிள்ல ஏறப் போறதில்ல" என்றாள். அவள் மகள் துளசி அப்போதுதான் பள்ளி முடிந்து அதே ரோட்டிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினாள். சட்டையெல்லாம் லோரி அடித்த சேறு. எனக்கு மனசு அங்கேயே தீர்மானமாகிவிட்டது. நேற்று சங்கக் கூட்டத்தில் மூன்றாம் வீட்டு சிவானந்தம், "மொத நீங்க ஒடைங்கக்கா, அப்புறம் நாங்க ஒடைக்கிறோம் லா" என்று சொல்லிவிட்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தார், அதோடு நான் அடங்கிவிடுவேன் என்று நினைப்பு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதுவரை வியாழக்கிழமை எழுதியது. தபால் நிலையம் போக முடியவில்லை, இன்று ஞாயிறு சாயங்காலம், விரல் வீங்கிப்போய் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். காலையில் அப்பா கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சுவருக்கு முதல் அடி நான்தான் அடிப்பேன் என்று சுத்தியலை வாங்கினேன். அடித்தேன், சுத்தியல்தான் திரும்பி வந்தது, கல் அசையவில்லை. ஜன்னல் கோணலாக இருந்தாலும் சுவரை நன்றாகத்தான் கட்டியிருக்கிறாய், என் ராசா. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டேதான் அடித்தேன், நிறுத்தவில்லை. சிவானந்தம் கையைக் கட்டிக்கொண்டு வேலி ஓரம் நின்றவர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்படி இல்லக்கா, மேலேருந்து எறக்கணும்" என்று சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். மத்தியானம் நம் வீட்டுச் சுவர் முடிந்ததும் சோறுகூடச் சாப்பிடாமல் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் சமையலறைப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. இருட்டுவதற்குள் நாலு வீடு இறங்கிவிட்டது. மீதி ஐந்து வீட்டு வாசலிலும் நாளையிலிருந்து நான் போய் நிற்பேன், மாதக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, எனக்கு அது போதும்.

கோபம் வந்தால் போனைப் போட்டுத் திட்டு, உன் அப்பாவைப் போல மூன்று நாள் பேசாமல் மட்டும் இருக்காதே. நித்தியாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் தலைக்கவசம் இல்லாமல் சைக்கிள் எடுக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. டிசம்பரில் ஹாலில் உங்களுக்குப் படுக்கை போட்டுத் தருகிறேன். இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். உன் அறையின் தரையை நாங்கள் உடைக்கவில்லை. பாதி பாதைக்குள் போகிறது, மீதிப் பாதியில் ஆட்கள் இளைப்பாற ஒரு பெஞ்சு போடலாமா என்று திலீப்பிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன், உன் கூரைக் கட்டையிலேயே அப்பா செய்யப் போகிறார். நீ அன்று திட்டு வாங்கிய சைக்கிள் தடம் அந்தப் பாதியில்தான் இருக்கிறது, பாய் விரித்து மறைத்தே வைத்திருந்தோம், இப்போது வெயில் பட்டு நன்றாகத் தெரிகிறது. நீ வரும்போது உன் அறையில் யாரோ ஒருவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். முகத்தைச் சுளிக்காதே. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, நீயும் பக்கத்தில் உட்கார்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அமராவதி சேது