மாமனார் கொடுத்த வாட்ச்

மார்ச் 6

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம். நீயும் சின்னவளும் நலம்தானே? லாட்ஜ் சாப்பாட்டில் இளைத்துவிட்டேன் என்றால் நீ நம்பவா போகிறாய்.

உங்கப்பா எனக்கென்று எடுத்துவைத்திருந்த வாட்ச் நின்றுவிட்டது. பழைய வாட்சுகளைச் சோதித்துச் சொல்லும் ஒருவரிடம் காட்டினேன். சாவி கொடுக்கும் குமிழ் இடப்பக்கம் இருப்பது அபூர்வமாம். அசல்தானா என்று பின்மூடியைத் திறந்து, மெஷின் மேலிருந்த நம்பரைப் பார்த்தார்.

"யாரு குடுத்தது?"

"என் மாமனார். இப்ப அவர் இல்லை."

"எப்ப தவறினாரு?"

சொன்னேன்.

"இது அவரு போய் மூணு வருஷம் கழிச்சுச் செஞ்ச வாட்ச் சார்."

முன்பு நீ ரிப்பேருக்குக் கொடுத்தாயே, அங்கே மெஷினை மாற்றி உன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்களா? உனக்குத்தான் எதிலும் கவனம் கிடையாதே. உங்கள் வீட்டில் என்னை மனுஷனாக மதித்தவர் அவர் ஒருவர்தான். அவர் கொடுத்ததையும் கோட்டைவிட்டால் எப்படி? எந்தக் கடை என்று எழுது.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 13

சின்னவளின் அப்பாவுக்கு,

யாரும் எதையும் மாற்றவில்லை. வாட்ச் அசல்தான். அப்பா கொடுத்தார் என்றதுதான் பொய்.

கல்யாணமான நாளிலிருந்து, "உங்கப்பா எனக்கு ஒரு குண்டூசி வாங்கிக் குடுத்திருப்பாரா?" என்று குத்திக்கொண்டே இருந்தீர்கள். அவர் போன பிறகும் விடவில்லை. நான்தான் கடைகடையாக ஏறி இறங்கி வாங்கி, அப்பா பெட்டியில் உங்களுக்கென்று இருந்தது என்று நீட்டினேன். நீங்கள் இடதுகைக்காரர், வலது கையில் கட்டுகிறவர். கழற்றாமலே சாவி கொடுக்கட்டும் என்று தேடியது அது. உங்களுக்கு எந்தக் கை பழக்கம் என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

போன வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதும் அவரை உயர்த்திச் சொல்லித்தான் என்னைத் திட்டினீர்கள். வாய்வரை வந்த வாட்ச் உண்மையை விழுங்கிக்கொண்டேன்.

சின்னவளின் அம்மா

மார்ச் 17

என் டீச்சரம்மாவுக்கு,

படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. நான் ஒரு மடையன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? "வாங்க" என்று ஒரு வார்த்தை எழுது, போதும். அது நீ கொடுத்தது என்று இனி ஊரெல்லாம் சொல்வேன்.

உன்னுடையவன்

மார்ச் 24

சின்னவளின் அப்பாவுக்கு,

சின்னவளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், சாப்பிட்டுவிட்டே போகலாம். எனக்காக வர வேண்டாம்.

நான் நீட்டிய அன்று வாட்சைக் கட்டிக்கொண்டு, "உங்கப்பா தங்கமான மனுஷன்டி" என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் வாங்கினேன் என்று சொல்லியிருந்தால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று மேசையில் போட்டிருப்பீர்கள். அப்படியில்லை என்று பதில் எழுதுவீர்கள். நம்ப எனக்கும் ஆசைதான், முடியவில்லை.

சின்னவளின் அம்மா