புஷ்பாக்காவுக்கு வலிப்பு இல்லை

நான் அண்ணாந்து பார்த்துப் பேசிய ஒரே பெண்ணான என் புஷ்பாக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. உனக்கு எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் அம்மா, என் பெரியம்மா, சொன்ன ஒரு சொல்லுக்காக எழுதுகிறேன். இது பத்திரிகைக்கும் போகிறது. உன்னை அறியாதவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்தடுத்து வளர்ந்தோம். உன் அம்மா மூத்தவர், என் அம்மா இளையவர். நீ என்னைவிட ஒரு வயது பெரியவள், நாலு விரல் உயரமானவள். பதினான்கு வயதிலேயே லயத்து வாசலில் நீ குனிந்துதான் நுழைந்தாய். "இவளுக்கு மாப்பிள்ளைய இந்தத் தோட்டத்துல தேட முடியாது, தென்னந்தோப்புலதான் தேடணும்" என்று பைப்படியில் பெண்கள் சிரிப்பார்கள். உன்னைச் சொல்லி முடித்துவிட்டு என்னைச் சொல்வார்கள். அதிலும் நான் இரண்டாவதுதான்.

பசறையில் நடந்த பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நீ உயரம் பாய்ந்ததை, பதுளையிலிருந்து வந்திருந்த விளையாட்டு டீச்சர் பார்த்தார். விடுதியில் தங்கிப் படிக்கலாம், கூடைப்பந்து பழகலாம் என்று உன்னைக் கூப்பிட்டார். "தங்கச்சியும் வந்தாத்தான் டீச்சர் நான் வருவேன்" என்றாய். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நான் கூடைப்பந்துக்கு வந்த கதை அவ்வளவுதான். எந்தப் பேட்டியிலும் நான் இதைச் சொன்னதில்லை.

முதல் மாதம் இருவருக்கும் பந்து தட்டவே தெரியாது. மூன்றாவது மாதத்தில் நீ வேறு ஆள். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எங்கே விழும் என்பது உனக்கு மற்றவர்களைவிட ஒரு கணம் முன்னால் தெரிந்தது. அங்கே போய் நிற்பாய். பந்து உன்னிடம் வரும். நான் காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நூறு தடவை எறிந்து பழகியதை, நீ பல் துலக்கிவிட்டு வந்து பத்துத் தடவையில் செய்தாய். செய்துவிட்டு, "மணிக்கட்ட விறைப்பா வைக்காத புள்ள, லேசா விடு" என்று எனக்குச் சொல்லியும் தருவாய்.

அது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா, அக்கா? நீ கர்வம் பிடித்தவளாக இருந்திருந்தால் உன்னை வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதைக்கூட நீ எனக்குத் தரவில்லை. காரணம் இல்லாமலேதான் வெறுத்தேன்.

மூன்று வருடத்தில் மாகாண அணிக்கு வந்தோம். நீ முதல் ஐந்து பேரில் ஒருத்தி. நான் ஆறாவது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து அந்தப் பெண் பயிற்சியாளர் வந்தார். ஒரு பெரிய நிறுவனத்தின் அணிக்கு ஆள் தேடி வந்தவர். எடுத்துக்கொண்டால் வேலையும் உண்டு, ஆட்டமும் உண்டு. நம் ஊர்ப் பெண்களுக்கு விளையாட்டைத் தொழிலாக்கிக்கொள்ள இருந்த ஒரே கதவு அது. அவருக்குச் சிங்களம்தான் தெரியும். உனக்கு அது வராது. என் அப்பா பசறையில் ஒரு பேக்கரியில் வேலை செய்ததால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அது வாய்க்குப் பழகியிருந்தது.

அன்றைய ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டரில் எதிரணிப் பெண்ணின் முழங்கை உன் நெற்றியில் இடித்தது. விழுந்தாய், அரை நிமிடம் எழவில்லை. பிறகு எழுந்து ஆடி, ஜெயிக்கவும் வைத்தாய். பயிற்சியாளர் தாமதமாக வந்தவர். நீ தரையில் கிடந்ததைத்தான் அவர் பார்த்தார். முழங்கையைப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்று கைபேசியில் யாருக்கோ சொன்னார்: "இரண்டு பேர் இருக்கிறார்கள். இடம் ஒன்றுதானே? அந்த நெட்டைப் பெண்ணை எடுக்கிறேன். விழுந்தாள், அதை மட்டும் விசாரிக்க வேண்டும்."

விசாரிக்க நம் இருவரையும் கூப்பிட்டார். டீச்சர் அப்போது நடுவர்களோடு உள்ளே இருந்தார்.

"இவள் ஏன் விழுந்தாள்? ஏதாவது நோய் இருக்கிறதா?" என்று என்னிடம் கேட்டார்.

வலிப்பு என்பது சிங்களத்திலும் ஏறக்குறைய அப்படியேதான் ஒலிக்கும். நீ புரிந்துகொண்டுவிடுவாய். அதனால் யோசித்து, அதற்கு அவர்களிடம் இருக்கும் வேறொரு சொல்லைச் சொன்னேன். யோசித்துச் சொன்னேன், அக்கா. வாய் தவறி வந்தது என்று யாரும் எனக்காக இரக்கப்பட வேண்டாம். "சின்ன வயதிலிருந்தே இருக்கிறது மிஸ்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் முகம் மாறியது. "உண்மையா என்று அவளிடமே கேள்."

நான் உன் பக்கம் திரும்பினேன். "அக்கா, கொழும்புக்கு வர இஷ்டமான்னு கேக்குறாங்க."

நீ சிரித்தாய். நெற்றியில் ஐஸ் கட்டித் துணியைப் பிடித்தபடியே தலையை ஆட்டினாய். "ஆமாங்க மிஸ். ஆமாங்க, ஆமாங்க."

அவர் உன் தோளைத் தட்டிக்கொடுத்தார். வெளியே வந்ததும், "என்னடி சொன்னாங்க?" என்று கேட்டாய். "உன்னைப் பிடிச்சிருக்காம்" என்றேன். அன்று விடுதியில் நீ இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாய்.

கடிதம் எனக்கு மட்டும் வந்தது. "ஒரு இடந்தான் இருந்திருக்கு போல" என்று நீயே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டாய். என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பசறை பஸ் வரைக்கும் வந்தாய். பஸ் திரும்பும்வரை கையாட்டினாய். நான் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

நீ பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பி, தோட்டத்தில் பெயர் பதிந்து, கொழுந்து பறிக்கப் போனாய். உன் உயரத்துக்குத் தேயிலைச் செடி இடுப்புக்கும் கீழே. நாள் முழுக்க வளைந்து நிற்கவேண்டும். "முதுகுதான்டி போவுது" என்று போனில் சொல்வாய். சொல்லிவிட்டு உடனே, "இன்னைக்கு எத்தனை பாயின்ட் போட்ட?" என்பாய்.

நான் முதல் வருடம் பெஞ்சில் இருந்தேன். இரண்டாம் வருடம் ஒருத்திக்குக் கால் முறிந்ததால் இறங்கினேன், பிறகு யாராலும் என்னை உட்காரவைக்க முடியவில்லை. நாட்டின் அணிக்குத் தேர்வானேன். மாலைதீவில் ஒரு கழகம் ஒப்பந்தம் போட்டுக் கூப்பிட்டது. நான் நன்றாகத்தான் ஆடினேன், அதில் பொய்யில்லை. நிருபர் ஒருவர், "உங்கள் தோட்டத்தில் வேறு யாரும் ஆடினார்களா?" என்று கேட்டார். "இல்லை, நான் மட்டும்தான்" என்றேன். உன்னை இரண்டாவது முறையாக இல்லாமல் ஆக்கியது அன்றுதான்.

நான்காவது வருடம் நீ போன் எடுப்பதை நிறுத்தினாய். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகவும் இருந்தது.

பிறகு குளவி. மாலேயில் பயிற்சியில் இருந்தபோது அம்மா அழைத்தார். "புஷ்பாவ மலையில குளவி கொட்டிருச்சும்மா. பதுளை ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. பேசுறா, ஒன்னுமில்ல." பேசுகிறாள் என்றதும் நான் பயணச்சீட்டை ஒருநாள் தள்ளிப்போட்டேன். மறுநாள் ஒரு ஆட்டம் இருந்தது. நாங்கள் ஜெயித்த அந்த மாலை நீ இறந்துபோனாய்.

நான் வந்து சேர்ந்தபோது பெட்டி வாசலில் இருந்தது. உன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். நான் கிட்டே போனதும் பெரியம்மா எழுந்து குறுக்கே நின்றார். "வேணாம். போய் அந்தப் பக்கம் நில்லு." முகம் வீங்கியிருக்கிறது, பிள்ளை பயந்துவிடும் என்று எல்லாரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். கங்காணி என் பக்கத்தில் வந்து, "ஓடியிருந்தா தப்பிச்சிருப்பா. அந்த வலிப்பு இருக்குல்ல, ஓடுற ஓட்டத்துல வந்து விழுந்துட்டா போல" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாங்க" என்றேன்.

உன் சாவு வீட்டில், உன் பெட்டிக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபின் பெரியம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் குரல் உயரவே இல்லை.

"தெமோதரையில இருந்து ஒரு நல்ல எடம் வந்துச்சு. பொண்ணு புடிச்சுப் போச்சு. அவுங்க பள்ளிக்கூடத்துல போய் விசாரிச்சிருக்காங்க. டீச்சர் நல்ல மனுசிதான். 'தங்கமான புள்ள, அந்த வலிப்பு ஒன்னுதான் பாவம்'னு சொல்லிட்டாங்க. மறுநாளே எடம் போச்சு. இவ நேரா பதுளைக்குப் போய், 'யார் டீச்சர் சொன்னது?'ன்னு கேட்டுருக்கா. 'உன் தங்கச்சிதான் கொழும்பு மிஸ்கிட்டச் சொன்னாளாம். நீயும் தலையாட்டுனியாமே, உன் மனசு நோகும்னுதான் நான் உன்கிட்டக் கேக்கல'ன்னாங்களாம்."

நீ ஆஸ்பத்திரிக்குப் போய், நோய் எதுவும் இல்லை என்று கடிதம் வாங்கி வந்தாயாம். அந்தப் பையன் வீட்டார் அதைத் திருப்பிக் கொடுத்து, கடுதாசி யாரும் வாங்கலாம் என்றார்களாம். அதற்குப் பிறகு லயத்தில் நீ கால் இடறினாலும் வலிப்பு என்றார்களாம். நீ மயங்கினால் கையில் கொடுக்க என்று ஒருத்தி மலைக்கு இரும்புத் துண்டு எடுத்து வந்தாளாம்.

"என்கிட்ட ஏன் பெரியம்மா கேக்கல?" என்றேன்.

"போன் பண்ணிக் கேளுன்னுதான் சொன்னேன். 'கேட்டா அழுவாம்மா. அவ அழுறத வேற நான் கேக்கணுமா?'ன்னுட்டா."

அடுத்து அவர் சொன்னதை நான் தினமும் கேட்கிறேன். "ஆஸ்பத்திரியில ரெண்டு நாளும் நல்லாப் பேசுனா. கடைசியா, 'திலகா வந்தா என் மொகத்தக் காட்டாதம்மா'ன்னா. நான் காட்டல."

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் தொடவில்லை.

"அவ வலிப்பு வந்து விழலடி. எல்லாருக்கும் முன்ன ரோட்டுக்கு ஓடிட்டா. நான் தண்ணிக் கான்ல விழுந்துட்டேன்னு பாத்து மேல திரும்பி ஏறி வந்தா. இடுப்புல கட்டியிருந்த சாக்குப் படங்க அவுத்து என்மேல போட்டுட்டு அதுக்கு மேல படுத்துட்டா. எனக்கு மூணு கொட்டு. அவளுக்கு எண்ணவே முடியல. இந்த ஊரு அவ வலிப்புல செத்தான்னு பேசுது. நீ பரப்புனத நீதான் அள்ளணும்."

கொழும்புக்குப் போய் அந்தப் பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவள் இறந்துவிட்டாள். இனி யாருக்கு என்ன லாபம்? அடுத்த மாதம் உன்னைத்தான் தலைவியாக அறிவிக்க இருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு ஆடு" என்றார். அக்கா, ஒரு வாரம் நான் வாயை மூடிக்கொண்டுதான் ஆடினேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஆட்டத்தில் இருபத்திரண்டு புள்ளி போட்டேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னிடம் நல்லதாக ஏதாவது மிச்சம் இருக்கும் என்று நம்பித்தானே என்னையும் பதுளைக்குக் கூட்டிப்போனாய்? நீ ஏமாந்துபோனாய்.

இந்தக் கடிதத்தைப் போனில் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். குளவி கொட்டியதைச் சொல்லும் இடத்தை நான் முதலில் என் சொல்லில், 'அம்மாவின் மேல் விழுந்தாள்' என்றுதான் எழுதியிருந்தேன். அங்கே மட்டும் நிறுத்தினார். "விழுந்தான்னு எழுதாத. படுத்தான்னு எழுது." மாற்றிவிட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை.

தலைவி பதவி இனி வராது. அணியில் இடம் இருக்குமா என்றும் தெரியாது. அதை ஒரு தியாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எடுத்துக்கொண்டு வந்ததைத்தான் கீழே வைக்கிறேன்.

பத்திரிகை படிக்காதவர்கள் நம் லயத்தில் நிறைய. அதனால், வரும் திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரும் நிற்கும்போது வருவேன். கங்காணிக்கும், மலைக்கு இரும்புத் துண்டு எடுத்து வந்தவளுக்கும், கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்வேன்: புஷ்பாக்காவுக்கு வலிப்பு இருந்ததில்லை. நான்தான் பொய் சொன்னேன். அவள் அம்மாவைக் காப்பாற்றத் திரும்பிப் போய்ச் செத்தாள். அன்றே தெமோதரைக்கும் போவேன், அந்தப் பையனின் வீட்டிலும் இதையே சொல்வேன். யார் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன். உன் படத்தின் முன் வந்து நிற்கமாட்டேன். முகம் காட்டாதே என்றாய், அது படத்துக்கும் சேர்த்துத்தான்.

சொல்லும்போது அழமாட்டேன், அக்கா. சத்தியம்.

இப்படிக்கு,
உன் சித்தி மகள்
திலகா