தயிருக்குப் பிறகு வந்த தட்டு

பாடன், சுவிட்சர்லாந்து
9 அக்டோபர் 2006

அன்புள்ள வாசுவுக்கு,

நான் நலம். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

சுவிஸ் சாப்பாடு ஒத்துவருமா என்று போன வாரம் கேட்டீர்கள். அதற்கு முன்பு வங்கியில் ஆடிட் என்றீர்கள். அதற்கும் முன்பு மோட்டார் சைக்கிளை விற்க ஆள் கிடைக்கவில்லை. சரி, சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறேன். நீங்கள் இங்கே வந்து சேர்வதற்குக் கொடுத்த விசா இந்த மாதத்தோடு முடிகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று இத்தாலிக்குப் போய்வந்தேன். கூட்டிப்போனது சரணியா, பேர்ண் நகரக் கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்துப் பெண். அங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளோடு வேலை பார்க்கும் ஜொவான்னாவின் வீடு, எல்லையைத் தாண்டியதும் டோமோடோசோலா ஊரில் இருக்கிறது. ஜொவான்னா வாரமெல்லாம் பேர்ணில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை ரயிலில் கணவரிடம் போவாள். ஞாயிறு மாலை திரும்புவாள்.

ரயிலில் எல்லைப் போலீஸ்காரர் என் பையைத் திறக்கச் சொன்னார். அவர்கள் வீட்டுக்காகக் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயை முகர்ந்து பார்த்தார். அதன் பிறகு என் இத்தாலி விசாவைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

சமையல் ஜொவான்னாவின் கணவர் பியேத்ரோவுடையது. எனக்கு இறைச்சி ஆகாது என்று முன்பே தெரிந்து, குங்குமப்பூவும் வெண்ணெயும் போட்டுக் குழைவாக ஒரு சோறு கிளறியிருந்தார். அருமை. மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன். தட்டில் கொஞ்சம் மிச்சமிருந்தபோது வழக்கம்போலக் கை தயிரைத் தேடியது. கேட்டேன். கொடுத்தார்கள். பிசைந்து சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தால் எல்லோரும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜொவான்னாவோடு பழகி இத்தாலி மொழி தெரிந்த சரணியாவிடம் பியேத்ரோ கவலையாக ஏதோ கேட்டார்.

"உனக்கு வயித்துக்க ஏதும் செய்யுதோ எண்டு கேக்கிறார்" என்றாள் சரணியா. பிறகு தானே அவரைச் சமாதானப்படுத்தினாள். என்ன சொன்னாய் என்றேன். "இவை இந்தியாக்காரர், தயிர் ஊத்தாமல் எழும்பமாட்டினம் எண்டனான். நீ எழும்பிப்போடாதை. இன்னும் சாப்பாடே வரேல்லை."

நான் சாப்பிட்டது முதல் தட்டுத்தானாம். அதன் பிறகு சீஸ் உருகி வழியும் கத்தரிக்காய் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, கீரை வந்தது. தயிர் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து சாப்பிட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. மனிதர் பக்கத்திலேயே நின்று பரிமாறினார். "திருப்பியும் தயிர் கேட்டியெண்டால் நான் நடந்தே பேர்ணுக்குப் போயிடுவன்" என்று சரணியா காதில் சொன்னாள்.

காபி குடிக்கும்போது, நீங்கள் ஏன் பேர்ணுக்குப் போய் ஜொவான்னாவோடு இருக்கவில்லை என்று பியேத்ரோவைக் கேட்டேன். சரணியா அவர் பதிலைத் தமிழில் சொன்னாள்: "கோழியளை ஆர் பாக்கிறதாம்?" ஜொவான்னா சிரித்தபடி ஏதோ சொன்னாள். "கோழியள் செத்து எத்தினை வருசம் எண்டு கேக்கிறா." கோழிக்குப் பிறகு ஜெர்மன் தெரியாது என்றிருந்தாராம். அதற்குப் பிறகு பேர்ண் அறை சின்னது என்றாராம். பெரிய அறை பார்ப்பதை ஜொவான்னா எப்போதோ விட்டுவிட்டாள். நான் அப்போது உங்கள் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொண்டேன்.

மாலையில் பியேத்ரோ ஸ்டேஷனுக்கு வந்தார். மனைவிக்கு ஒரு வாரத்துக்கான சாப்பாட்டை டப்பா டப்பாவாக அடுக்கிக் கொடுத்தார். ரயில் நகர்ந்தபோது சன்னலோடு கூடவே நடந்து வந்தார், பிளாட்பாரம் முடியும்வரை. நாளெல்லாம் சிரித்த ஜொவான்னா, சுரங்கப்பாதை தாண்டி பிரிக் ஸ்டேஷன் வரும்வரை டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு சன்னலையே பார்த்தபடி வந்தாள்.

சாப்பாட்டுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. என் வேலையை வைத்து வரும் பர்மிட்டில் 'மனைவியோடு வந்தவர்' என்று உங்களைக் குறிப்பார்கள். அது கூச்சமாக இருந்தால் அதையே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு இங்கே வேலை கிடைக்க நாளாகலாம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து பழகிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம். இதற்குப் பதில் எழுத வேண்டாம். எந்த விமானம், என்றைக்கு என்று மட்டும் சொல்லுங்கள். ஜூரிக்கில் வந்து நிற்கிறேன்.

உங்கள்
இந்து