காணும் என்று நீ நிறுத்திய பாட்டு

டேய் மச்சான்,

உன் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை என் மடியில் கிடக்கிறது. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் உன் மகள் கொண்டுவந்து தந்தாள். இன்னமும் சிகரெட்டும் நாம் ஒத்திகை பார்த்த பியர்பொன்ட்ஸ் பேஸ்மென்டின் ஈரமும் மணக்கிறது. அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ, தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாம் புலம்பெயர்ந்து வந்த புதிதில், குளிருக்கென்று தேவாலயத்தில் தந்த சட்டை இது. வேறு இல்லாததால் அதோடே மேடையேறினாய். அப்போது ராக் பாடகர்கள் விரும்பிப் போட்ட அசல் கிரஞ்ச் உடுப்பு என்று பிரெஞ்சுப் பொடியங்கள் கைதட்டினார்கள். "சொல்லிப்போடாதை, ஸ்டைல் எண்டே இருக்கட்டும்," என்று என் காதுக்குள் சிரித்தாய்.

நம் குழுவில் பாட்டும் கிட்டாரும் நீ, பேஸ் கிட்டார் நான், டிரம்ஸ் லூக். ஊர்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் உன் கிட்டார் உறுமத் தொடங்கியதும் தலைவர் ஓடிவந்து வயரைப் பிடுங்கினாரே! "தம்பியவை, ஸ்பீக்கர் பெட்டி கரகரக்குது, திருத்திப்போட்டு வாங்கோ." அந்தக் கரகரப்புக்காகத்தான் வாரக்கணக்கில் மெனக்கெட்டோம் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

ஒரே ஒரு கசெற் போட்டோம். பிறகு ஒரு சனிக்கிழமை, ஒத்திகையில், பாட்டின் நடுவே கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாய். "காணும் மச்சான்," என்றாய்; போதும் என்று அந்த ஒரே சொல். புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலைக்குப் போனாய். கடைசிவரை நண்பர்களாகவே இருந்தோம். ஆனால் ஏன் விட்டாய் என்று கேட்டால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவாய்.

இப்போது அந்தக் கசெற்றை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நாம் வாசித்த அதே மதுக்கூடத்தில் இளம் பிரெஞ்சுக் குழுவொன்று உன் பாட்டைப் பாடுகிறது, தமிழ் வரிகளையும் சேர்த்து. என்ன கத்துகிறோம் என்று அவர்களுக்கு விளங்காது. யோசித்தால் எனக்கும் முழுதாக விளங்கியதில்லை.

உன் மகளும் அதைக் கேட்டிருக்கிறாள். சட்டையைத் தந்துவிட்டு, "மாமா, நான் பிறந்ததாலையோ அப்பா பாட்டை விட்டவர்?" என்றாள். அவள் பிறந்ததும் அதே வருடம்தானே.

"இல்லைப் பிள்ளை, உன்னாலை இல்லை," என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

எனக்கு என்ன தெரியும்? என் வாசிப்புப் பிடிக்காமல்தான் விட்டாய் என்று இத்தனை காலமும் நம்பியிருக்கிறேன். லூக்கைக் கேட்டால், தன்னால்தான் என்கிறான். ஒரு சொல்லை எறிந்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் தவிக்க விட்டிருக்கிறாய். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது.

"உன்னாலை இல்லை" என்று அவளிடம் சொல்ல நான் இருந்தேன். அதையே என்னிடம் சொல்ல நீ இல்லை.