ஒரே சட்டி, இரண்டு வயிறு

தலவாக்கலை
14.09.2025

அன்புள்ள மகள் பிரேமினிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், உன் நலத்துக்கு முருகனை வேண்டுகிறோம் என்று எழுதத்தான் கை போனது, நிறுத்திவிட்டேன், வேண்டுவது மட்டும் உண்மை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். தோட்டத்து லய வீட்டில் ஓர் அறையும் சமைக்கக் குசினியும்தான், எங்கே நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், இது விழக் கூடாது.

அப்பா ஆஸ்பத்திரியில் எட்டு நாள் சேலைனில் கிடந்து, வீட்டுக்கு வந்து ஆறு நாளாகிறது. நீ லண்டனில் இருந்து முதலில் அழுதாய், பிறகு அவரையே திட்டினாய். "ஒளிச்சி ஒளிச்சி ரொட்டி தின்னுருப்பீங்க, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றாய். எழும்ப முடியாமல் கிடந்த மனிதர் "சரிம்மா, இனிமே திங்கலம்மா" என்று உன்னிடம் கெஞ்சினார். ஒரு துண்டு ரொட்டிகூட அவர் வாயில் படவில்லை பிள்ளை. கேட்டுக் கேட்டுப் பார்த்தார், நான்தான் கொடுக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், முழுதாக வாசி. ஆனி மாதம் நீ ஒரு பெட்டி அனுப்பினாய், உள்ளே ஒரு குழாயும் குச்சியும். அப்பாவின் மலத்தில் கொஞ்சம் எடுத்து அனுப்பினால் குடலுக்குள் என்னென்ன கிருமி வாழ்கிறது என்று பார்த்து, அவரைப் போன்ற லட்சம் புற்றுநோய்க்காரர்களோடு ஏஐ ஒப்பிட்டு, அவருக்கென்றே சாப்பாடு எழுதித் தரும், மருந்தை உடம்பு தாங்கும் என்றாய். அவரிடம் சொன்னதும் உடுத்திருந்த சாரத்தை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார். "செத்தாலும் சாவேன், பேண்டத பார்சல் கட்டி மகளுக்கு அனுப்புவேனா" என்று கத்தியது பக்கத்து லயம் வரை கேட்டது. மூன்று நாள் கெஞ்சினேன். நீயோ விடிந்தால் பொழுதுபட்டால் "அனுப்பியாச்சா அம்மா" என்ற ஒரே கேள்வி. நாலாம் நாள் என்னுடையதை எடுத்து அந்தக் குழாயில் போட்டு, டவுனுக்கு பஸ் ஏறி, அன்ஸார் நானா கடையில் கூரியர் கொடுத்தேன். உள்ளே என்ன என்று கேட்டார், மருந்து என்றேன். முப்பத்தொரு வருசமாக ஒரே சட்டியில் தின்கிறோம், வயிறு மட்டும் வேறாகவா இருக்கப்போகிறது என்று நினைத்தேன். புத்தி கெட்டவள்தான்.

ரிப்போட் வந்ததும் நீ போனில் வாசித்தாய். "அப்பா, ஒங்க கொடல் ரொம்ப மெதுவா வேல செய்யுதாம், மலச்சிக்கல் பல வருசமா இருக்கும்போல, தண்ணியே குடிக்கிறதில்லயா" என்றாய். நான் மாவு பிசைவதை விட்டுவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்தேன். பதினேழு வயதில் தேயிலைக் கொழுந்துக்கூடை மாட்டியவள் நான். மலையில் கக்கூசு ஏது, தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும், அதனால் காலைத் தேத்தண்ணியோடு சரி, சாயங்காலம் வரை வாயை நனைப்பதில்லை, எல்லாவற்றையும் அடக்கிக்கொள்வேன். இதை அப்பா கேட்டதில்லை, கிளினிக்கில் ஒரு நர்ஸ் மிஸ்ஸியும் கேட்டதில்லை, கண்ணில்லாத ஒரு மெசின் கண்டுபிடித்தது. பள்ளி விட்டதும் மலைக்கு வந்து என் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயே, அதை வாசிக்கும்போது இது அம்மாவாச்சே என்று உனக்கு ஒரு தரமாவது தோன்றவில்லையா. அதுதான் நெஞ்சில் குத்துகிறது.

குரக்கன் மா, கௌபிப் பயறு, வல்லாரைக் கீரை, பப்பாசிப் பழம் என்று எழுதி வந்தது, ரொட்டி தொடவே கூடாது என்றும் வந்தது. அப்பாவுக்கோ புற்றுநோய் மாத்திரையால் ஏற்கெனவே நாளைக்கு ஐந்தாறு தரம் வயிற்றால் போகிறது. மகளிடம் இதையா சொல்வது என்று உன்னிடம் "சொகமா இருக்கேன்" என்பார், நீயும் சொகம் என்றே கம்ப்யூட்டரில் போடுவாய். மலச்சிக்கல்காரிக்கு எழுதிய சாப்பாட்டை வயிற்றால் போகிறவருக்கு மூன்று வாரம் ஊட்டியிருக்கிறேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தட்டுத் தட்டாகப் போட்டோ அனுப்பினேன், "வெரிகுட் அம்மா" என்று நீ பதில் போட்டாய், சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் கக்கூசுக்குப் போகிற வழியிலேயே விழுந்தார். இந்த மருந்தோடு இதையெல்லாம் யார் கொடுக்கச் சொன்னது என்று டாக்டர் சிங்களத்தில் சத்தம் போட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை, நான்தான் கொடுத்தேன் என்றேன்.

இப்போது டாக்டர் சொன்ன கஞ்சிதான். பதினோரு கிலோ இறங்கிவிட்டார், ஆனாலும் நேற்று வாசல் வரை நடந்தார். மருந்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உடம்பு தேறினால்தான் மறுபடி தொடங்குவார்களாம், தேறுமா என்று கேட்டேன், பார்ப்போம் என்றார் டாக்டர்.

இன்னொன்று, எழுதவே கை கூசுகிறது. வாங்கி வைத்த குரக்கனும் கௌபியும் வீணாகப் போகுமே என்று பத்து நாளாக நான் சாப்பிடுகிறேன், தண்ணீரும் குடிக்கிறேன். முப்பது வருசத்தில் முதல் தரம் காலையில் அழாமல் வெளிக்குப் போய்விட்டு வருகிறேன். அவருக்குக் குழிவெட்டப் பார்த்த சாப்பாடு எனக்குச் சொகமாக இருக்கிறது. பக்கத்தில் அவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டு "ஒனக்கு மொகம் தெளிஞ்சிருக்குடி" என்கிறார். நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுகிறேன்.

இதை வாசித்ததும் அப்பாவுக்குப் போன் எடு. என்னைக் காட்டிக்கொடுக்காதே, நேரம் பார்த்து நானே சொல்வேன். ரொட்டி தின்றதாகத் திட்டினாயே, அதற்கு மட்டும் மன்னிப்புக் கேள். முருகன் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். வேலை வேலை என்று அடக்கி வைக்காதே, நேரத்துக்குத் தண்ணீர் குடி.

இப்படிக்கு,
அந்த ரிப்போட்டுக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா நாகலெட்சுமி